கொலுசுப் பட்டறைக் குடும்பத்தின் கல்விக்கடன்: திரும்பி வந்த விண்ணப்பமும் நிறைவேறிய விண்ணப்பமும்

இது ஒரு மாதிரி நிகழ்வு. சேலம் வட்டாரத்தில் கல்விக்கடன் கேட்டுப் போகும் குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே குடும்பத்தின் கதையாகச் சேர்த்திருக்கிறோம். வருமானம், கல்லூரிக் கட்டணம், சலுகைத் தொகை, வட்டி விகிதம் ஆகியவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. திட்டங்களின் விதிகள் நடைமுறையில் உள்ளவை.

குடும்பம்

சிவதாபுரத்தில் வாடகை வீடு. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். கூலி எடைக்கணக்கில் வரும். ஆர்டர் இல்லாத மாதம் கை கடிக்கும். அம்மா வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோத்துக் கொடுக்கிறார். இருவருக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 18,000 ரூபாய், ஆண்டுக்கு 2,16,000. குடும்பத்தில் இதுவரை பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பொறியியல் கலந்தாய்வில் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. விடுதி வேண்டாம், கல்லூரிப் பேருந்தில் போய்வரலாம்.

கல்லூரியில் சேரும்போது மாணவிக்கு வயது 17.

முதல் விண்ணப்பம்

கல்லூரி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்கிற அச்சிட்ட கட்டணப் பட்டியலை வாங்கிக்கொண்டு அப்பா வங்கிக்குப் போனார். அதில் கல்விக் கட்டணம் 55,000, பேருந்து 28,000, தேர்வு மற்றும் ஆய்வகம் 6,000, ஆக ஆண்டுக்கு 89,000. நான்கு ஆண்டுக்கு 3,56,000. மடிக்கணினிக்கும் புத்தகத்துக்கும் என்று 70,000 சேர்த்து 4,26,000 கேட்டார்.

கிளையில் மூன்று காரணம் சொன்னார்கள். வீடு எங்கள் கிளை எல்லைக்குள் இல்லை. வருமானச் சான்றிதழில் 96,000 என்று இருக்கிறது, ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில் 3,60,000 காட்டியிருக்கிறீர்கள். சிபிலில், அதாவது கடன் வரலாற்று அறிக்கையில், இருசக்கர வாகனக் கடன் "செட்டில்டு" என்று நிற்கிறது. எதையும் எழுதித் தரவில்லை. "வேறு பேங்க்ல பாருங்க" என்ற வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. நகையை அடகு வைத்தோ, பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கியோ முதல் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மீதி மூன்றரை வருடத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள். முன்பணம் வாங்கினால், அது தீரும்வரை வேறு பட்டறைக்கு மாற முடியாது, கூலியையும் பேச முடியாது. கல்விக்கடன் மறுக்கப்படுவதன் உண்மையான விலை அது.

எங்கே பிசகியது

அடிப்படைத் தவறு வரிசையில் இருக்கிறது. முதலில் தொகையை முடிவு செய்து கடன் கேட்டார்கள். சலுகைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இது தலைகீழ். எந்தெந்தச் சலுகை யார் பெயரில் வரும் என்பதை முடித்துவிட்டு, மிஞ்சுகிற தொகைக்கு மட்டும் கடன் கேட்க வேண்டும். மற்றச் சிக்கல்களில் பாதி இதிலிருந்து முளைத்தவை.

கட்டணப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். கலந்தாய்வுப் பதிவின்போதே மாணவி முதல் பட்டதாரிச் சலுகையைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழையும் பதிவேற்றியிருந்தார். ஒதுக்கீட்டு ஆணையிலும் அது பதிவாகியிருந்தது. ஆனால் கல்லூரி தந்த பொதுப் பட்டியலில் முழுக் கட்டணம் 55,000 அப்படியே இருந்தது. இந்தக் கணக்கில் சலுகை ஆண்டுக்கு 25,000. அதைக் கழிக்காமல் போனதால் நான்கு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் தேவையில்லாமல் கடனில் ஏறியது.

அதனால் வந்த இன்னொரு நட்டம் பலருக்குத் தெரியாது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை பெற்றோர் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதப் பங்கு. 4,26,000க்கு அது 21,300. அந்தப் பணம் அவர்களிடம் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

மடிக்கணினி, புத்தகத்துக்கு 70,000 கேட்டதும் நிற்காது. பல வங்கிகளில் புத்தகம், கருவி, கணினி எல்லாம் சேர்த்து மொத்தப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தில் 20 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 2,20,000இல் 20 சதவீதம் 44,000. அதற்கு மேல் கேட்டால் அதிகாரி வெட்டுவார், அல்லது தொகையைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லி ஒரு வாரத்தை விழுங்குவார்.

வருமானச் சான்றிதழ் விஷயம் இதைவிட நுட்பமானது. சேலத்தில் பட்டறை, தறி, சிறு கடை வைத்திருக்கும் பலரும் ஏதோ ஒரு கடனுக்காக ஒரு வருடம் மட்டும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருப்பார்கள். வருமானத்தைக் கொஞ்சம் ஏற்றியே காட்டியிருப்பார்கள். பிறகு சலுகைக்காக வருமானச் சான்றிதழ் வாங்கும்போது இறக்கிச் சொல்வார்கள். இரண்டு தாளும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் வங்கி. இந்தக் குடும்பத்தின் உண்மை வருமானம் 2,16,000. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கான வரம்பு 2.5 லட்சம், மத்திய அரசின் வட்டி மானியத்துக்கான வரம்பு 4.5 லட்சம். உள்ளதைச் சொன்னாலே இரண்டுக்கும் தகுதி உண்டு. 96,000 என்று குறைத்ததால் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. சந்தேகம் மட்டும்தான் வந்தது.

சிபிலில் "செட்டில்டு" என்பதும் "க்ளோஸ்டு" என்பதும் ஒன்றல்ல. வாகனக் கடனில் கடைசிச் சில தவணைகளைக் கட்ட முடியாமல், பேசி ஒரு தொகையில் முடித்துக்கொண்டால் "செட்டில்டு" விழும். கடன் தீர்ந்துவிட்டது என்று குடும்பம் நினைக்கும். வங்கியோ, முழுசாகக் கட்டாதவர் என்று படிக்கும்.

வீடு கிளை எல்லைக்குள் இல்லை என்ற முதல் காரணம் செல்லவே செல்லாது. வசிப்பிடம் வங்கியின் சேவைப் பகுதிக்கு வெளியே என்று சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வாய்மொழி மறுப்பும் முறையல்ல. மாதிரித் திட்டப்படி விண்ணப்பத்தை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். மறுப்பதென்றால் கிளைக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். தாளில் கொடுத்து வாய்மொழியாகத் திரும்பியதை யாரும் கணக்கில் எடுக்க முடியாது. கல்விக்கடன் விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிந்த விண்ணப்பத்துக்கு எண் உண்டு. நிலை என்ன என்று கேட்க வழி உண்டு. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே தளம் வழியாகப் போக வேண்டும்.

சலுகைகளை வரிசைப்படுத்துதல்

முதலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் இது உண்டு; கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அந்தத் தகுதி இருந்தால் கடன் பேச்சே பெரும்பாலும் தேவைப்படாது. இந்த மாணவி படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அது இந்த ஒதுக்கீட்டில் வராது. "கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரிதானே" என்று சொல்லி இதை நம்பிக் காத்திருந்து தேதியைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி ஆகியவை அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவிபெறும் பள்ளி வராது.

அடுத்து முதல் பட்டதாரிச் சலுகை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால், அதே கல்லூரி, அதே வகுப்பாக இருந்தாலும், கிடையாது. சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் கை மாறி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். மின்னணுக் குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவரின் படிப்பையும் கேட்பார்கள். உடன்பிறந்தவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாமல் போவதுதான் இங்கே வழக்கமான தடை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே இதற்கு உட்கார்ந்துவிட வேண்டும். முடிவு வந்தபின் மே, ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பார்கள்.

மூன்றாவது புதுமைப் பெண். 2022 செப்டம்பர் 5 அன்று அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தொடங்கியது. 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. மாதம் 1,000 ரூபாய் மாணவி கணக்குக்கே வரும். மாணவர்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 முதல். இந்தத் தொகையைக் கடனில் கழிக்கத் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாக இருக்கும்.

இதில் பணம் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நேரடிப் பணப் பரிமாற்றம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு ஒன்று, கல்லூரியில் சேர்ந்தபோது வளாகக் கிளையில் திறந்தது இன்னொன்று. கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யூமிஸ் தளத்தில் கல்லூரி புதுக் கணக்கைப் பதிந்திருக்கும். இணைப்போ பழைய கணக்கில் இருக்கும். பழைய கணக்கு இயங்காமல் கிடக்கும். ஆதார் இணையதளத்தில் "வங்கி இணைப்பு நிலை" என்ற பக்கத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் கடவு எண்ணை இட்டால், எந்த வங்கி, நிலை செயலில் உள்ளதா, எந்தத் தேதியில் இணைந்தது என்ற வரிகள் வரும். அந்த வங்கிப் பெயர் யூமிஸில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஆதாரைக் கொடுத்து வைத்தது போதாது. வங்கியில் "பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கவும்" என்று தனிப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மிகவும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் யூமிஸ் வழியாகப் பதிவு செய்தார்கள். ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு சலுகை கிடைக்காது என்பதால் அதைக் கடன் கணக்கில் எதிர்பார்த்துக் கழிக்கவில்லை. இப்படி எச்சரிக்கையாக இருப்பதே நல்லது. வராத உதவித்தொகையை வந்ததாக வைத்துக் கடனைக் குறைத்தால், மூன்றாம் ஆண்டில் கட்டணம் கட்டக் கை நீளாது.

இதே வேலை ஏற்காட்டு மலையில்

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் காபித் தோட்டக் கூலிக் குடும்பத்தில், 'மலையாளி' என்ற பழங்குடியைச் சேர்ந்த மாணவருக்கு இதே வரிசையைப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வரும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலேயே கல்விக் கட்டணம் அடங்கிவிடும். அரசுப் பள்ளியிலோ பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ ஆறு முதல் படித்திருந்தால் 7.5 சதவீதமும் திறந்திருக்கிறது. கடன் தேவைப்பட்டால் மடிக்கணினிக்கும் சில்லறைச் செலவுக்கும்தான்.

அவருக்குத் தடை வேறு இடத்தில். மற்ற வகுப்பினரின் சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும், விசாரணையும் கூடுதல். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பிப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அப்பாவுக்கோ அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ ஏற்கெனவே வழங்கிய சான்றிதழின் நகலும், பள்ளிப் பதிவேட்டில் சாதி எப்படி எழுதியிருக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வு நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் மேலே சொன்ன எல்லாம் காகிதத்தில்தான்.

இரண்டாவது விண்ணப்பம்

சிவதாபுரம் குடும்பத்துக்கு வருவோம். கல்லூரியில் பொதுப் பட்டியலுக்குப் பதில் மாணவியின் பெயரில், கல்லூரி முகப்புத் தாளில், ஆண்டுவாரியாக, முதல் பட்டதாரிச் சலுகையைக் கழித்துக் கட்டண விவரம் கேட்டு வாங்கினார்கள். கல்விக் கட்டணம் 30,000, பேருந்து 28,000, தேர்வும் ஆய்வகமும் 6,000: ஆண்டுக்கு 64,000, நான்கு ஆண்டுக்கு 2,56,000. மடிக்கணினிக்கும் புத்தகத்துக்கும் கடை விலைப்பட்டியலோடு 44,000. மொத்தம் 3,00,000. முதலில் கேட்டதைவிட 1,26,000 குறைவு. பங்குத் தொகையும் இல்லை.

பேருந்துக் கட்டணம் கல்லூரியின் தாளில் ஒரு வரியாக வரவேண்டும் என்பது முக்கியம். தனியே ரசீது காட்டிக் கேட்டால், போக்குவரத்துச் செலவு கடனில் சேராது என்று வெட்டிவிடுவார்கள்.

வருமானச் சான்றிதழை உண்மைத் தொகையில் புதிதாக வாங்கினார்கள். பழைய வரிக் கணக்கு பற்றி ஒரு விளக்கக் கடிதம்: அந்த ஆண்டு எந்தக் கடனுக்காகத் தாக்கல் செய்தது, அதற்குப் பின் தாக்கல் செய்யவில்லை, இப்போது வேலை என்ன, கூலி எவ்வளவு. பட்டறையிலிருந்து கூலி விவரக் கடிதமும் கடந்த ஓராண்டு வங்கிப் பாஸ்புக் நகலும் வைத்தார்கள்.

வாகனக் கடனில் விட்டுப்போன தொகையை நிதி நிறுவனத்தில் கேட்டு, கட்டி, கடனில்லாச் சான்று வாங்கி, சிபில் தளத்தில் திருத்தக் கோரிக்கை போட்டார்கள். 30 நாளுக்குள் திருத்தப்பட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. முழு அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசம், ஆகவே இணையத்தில் பணம் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதற்கு நேரமில்லாத குடும்பம் அம்மாவை இணைக் கடன்தாரராகப் போடலாம். ஆனால் மகளிர் குழுக் கடனும் நுண்கடனும் சிபிலில் ஏறும் என்பதால் அவருடைய அறிக்கையையும் முதலில் பார்த்துவிட வேண்டும். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. வாதாட அது உதவும். அறிக்கையைச் சரிசெய்வது அதைவிடச் சீக்கிரம் வேலையை முடிக்கும்.

விண்ணப்பத்தோடு போன மற்றத் தாள்கள்: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரிச் சேர்க்கைச் சான்று, இருவரின் ஆதார் மற்றும் பான், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், ஏற்கெனவே கட்டிய கட்டண ரசீதுகள், கல்லூரியின் வங்கிக் கணக்கு விவரம். எல்லாத் தாளிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் முதலெழுத்து பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால், பானில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் தளமே ஏற்காது. பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்துவதே நடைமுறை.

மாணவிக்கு 18 ஆகாததால் கடன் பத்திரத்தில் அப்பா கையெழுத்திட்டார். 18 முடிந்ததும் மாணவி ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் இரண்டாம் ஆண்டுப் பணம் நிற்கும்.

பிணை, ஜாமீன் எதுவும் கேட்கவில்லை, 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் கேட்கவும் கூடாது. உள்நாட்டுப் படிப்புக்குப் பரிசீலனைக் கட்டணமும் கிடையாது. ஆயுள் காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று சொன்னால், அந்த நிபந்தனையை எழுத்தில் கேட்க வேண்டும். அநேகமாக அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கிளை அசையாவிட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், ஆட்சியர் நடத்தும் கல்விக்கடன் முகாம். அதற்கு மேல், வங்கியிடம் எழுத்துப் புகார் கொடுத்து 30 நாள் ஆன பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. அது தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள, பட்டியலிட்ட கல்லூரிகளுக்கு மட்டும். பட்டியலில் உள்ள கல்லூரியானால் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கும், 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பட்டியலைப் பார்ப்பது நல்லது.

வட்டி மானியம்: ஒரு தாளின் விலை

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலோ என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவிலோ தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் சேர்ந்த காலத்துக்கான வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டுகிறது. 2009இலிருந்து இருக்கும் திட்டம். வங்கி தானாகவே பதிந்துகொள்ளும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வருமானச் சான்றிதழ் கோப்பில் இல்லாவிட்டால் வங்கி கோரிக்கையே அனுப்பாது. ஒதுக்கிய காலம் கடந்தால் அந்த ஆண்டு போனதுதான்.

எவ்வளவு போகும் என்று பார்ப்போம். வட்டி 9.5 சதவீதம், இந்தக் காலத்தில் தனிவட்டி. ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் பணம் வெளிவருகிறது. முதல் ஆண்டு 1,08,000க்கு ஐந்து ஆண்டு வட்டி 51,300. அடுத்த மூன்று 64,000க்கு நான்கு, மூன்று, இரண்டு ஆண்டு வட்டி, மொத்தம் 54,720. ஆக 1,06,020.

மானியம் இருந்தால் தவணை தொடங்கும் நாளில் பாக்கி 3,00,000. பத்து ஆண்டில் கட்டினால் மாதம் 3,882. மானியம் இல்லாவிட்டால் பாக்கி 4,06,020, மாதம் 5,254. வித்தியாசம் மாதம் 1,372. பத்து ஆண்டில் ஏறத்தாழ 1,64,600. ஒரு வருமானச் சான்றிதழும் அங்கீகாரச் சான்றின் நகலும் கோப்பில் இருக்கிறதா இல்லையா என்பதன் விலை இது. அதனால்தான் கடன் ஒப்புதல் வந்த அன்றே இரண்டையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு கையெழுத்து வாங்கச் சொல்கிறோம்.

கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மானியம் பின்னால் மொத்தமாக வரும். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை கணக்கு விவரம் வாங்கி, மானிய வரவு என்று ஒரு வரி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டாகியும் வராவிட்டால் கோரிக்கை போகவில்லை என்றே எடுத்துக்கொண்டு கிளையில் கேட்க வேண்டும். இந்த மானியம் வாழ்நாளில் ஒரே படிப்புக்குத்தான். இளநிலைக்கு வாங்கினால் முதுநிலைக்குக் கிடையாது. உடல்நலக் காரணம் அல்லாமல் படிப்பை இடையில் விட்டாலும் போய்விடும்.

ஆண்டுதோறும்

ஒதுக்கீடு வந்த சில நாளில் முதல் பருவக் கட்டணம் கட்ட வேண்டும். கடன் அதற்குள் வராது. இந்தக் குடும்பம் கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து 32,000 கட்டியது. அந்த ரசீது விண்ணப்பத்தோடு போனதால் கடன் வந்ததும் அந்தத் தொகை அப்பா கணக்குக்குத் திரும்பியது, நகையும் மீண்டது. கட்டியதைக் கடன் தொகையில் சேர்த்துக் கேட்காமல் விட்டால் பிறகு பெறுவது கடினம். மற்றபடி பணம் நேராகக் கல்லூரிக்கும் கணினிக் கடைக்கும் போகும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து கேட்டால்தான் வரும். முந்தைய ஆண்டு மதிப்பெண் பட்டியல், புதிய ஆண்டுக் கட்டணக் கோரிக்கை, பழைய ரசீது மூன்றையும் கல்லூரி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே கிளையில் கொடுக்க வேண்டும். அரியர் இருந்தால் கேள்வி வரும். கல்லூரியிலிருந்து, மாணவி தொடர்ந்து படிக்கிறார் என்று ஒரு சான்று வைத்தால் பெரும்பாலும் போதும்.

தவணை

படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். திருப்பிச் செலுத்த 15 ஆண்டு வரை காலம் உண்டு. 3,00,000க்கு 15 ஆண்டு என்றால் மாதம் 3,133. பத்து ஆண்டுத் தவணையைவிட 749 குறைவு. ஆனால் மொத்தமாக ஏறத்தாழ 98,000 கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். முதல் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாத நிலையில் 15 ஆண்டை எடுத்துக்கொண்டு, கை தாராளமான மாதங்களில் அசலில் கூடுதலாகக் கட்டுவதே எங்கள் பரிந்துரை. கட்டும்போது "அசலில் வரவு வைக்கவும்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அடுத்த தவணைக்கான முன்பணமாக நின்றுவிடும்.

வேலை கிடைக்கவில்லை என்றால் முதல் தவணை தேதிக்கு முன்பே கிளையில் எழுத்தில் கொடுத்துக் காலநீட்டிப்புக் கேட்க வேண்டும். 90 நாள் பாக்கி விழுந்து வாராக்கடன் ஆகிவிட்ட பிறகு கேட்டால் பேச இடம் குறைவு. அப்பா பெயரும் மகள் பெயரும் சேர்ந்தே சிபிலில் கெடும். வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது கைபேசி எண்ணும் முகவரியும் மாறியதைக் கிளைக்குச் சொல்லாமல் விடுவதால்தான் முதல் இரண்டு தவணைகள் பலருக்குத் தவறுகின்றன. சம்பளக் கணக்கு திறந்த வாரமே, தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் வைத்து, தானியங்கிப் பற்று ஆணை கொடுத்துவிடலாம்.